அடுப்பு மூட்டாத வீட்டுக்கு வந்த ரொட்டி

உ
சிவமயம்

ஹவுகன்ஸ்டுவா, ஒஸ்லோ
14-10-2005

அன்புள்ள பெரிய மச்சாளுக்கு,

முருகன் புண்ணியத்தில் இங்கே நாட்கள் போகின்றன. உங்கள் முழங்கால் வீக்கம் வற்றியதா என்று முதலில் எழுதுங்கள்.

உங்கள் தம்பியின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி நாலாம் திகதி நல்லபடியாக முடிந்தது. ஐயர் நேரத்துக்கு வந்தார். சயூரன் பேர்கனிலிருந்து வந்து எல்லாக் கிரியையும் முறைப்படி செய்தான். தானம் கொடுத்த பொருட்களில் ஒன்றும் விடுபடவில்லை, நான் முதல் நாளே எழுதி வைத்துச் சரி பார்த்தேன்.

போனில் நீங்கள் அழுதபோது நான் பேசாமல் இருந்தேன் என்று மனம் நொந்ததாகச் சயூரன் சொன்னான். எனக்கு வாயில் ஒன்றும் வரவில்லை, மச்சாள். அதனால்தான் கடிதம் எழுதுகிறேன். பேனை பிடித்தால் ஏதோ வருகிறது. எனக்கு நோய் ஒன்றும் இல்லை. நித்திரை வருகிறது, பசி வருகிறது. பல்லுக்கு ஊசி போட்ட பிறகு உதடு இருக்குமே, தொட்டால் இருக்கிறது, ஆனால் நம்முடையது இல்லை. எனக்கு ஆள் முழுக்க அப்படி இருக்கிறது. கோயிலில் தேவாரம் பாடுகிறேன். சொல் எல்லாம் சரியாக வருகிறது.

நிரந்தரமாக இணுவிலுக்கு வந்து உங்களோடு இருக்கச் சொன்னீர்கள். அவருடைய பங்கான வடக்குப் பக்க அறைகள் இரண்டும் பூட்டிக் கிடக்கின்றன என்றும் சொன்னீர்கள். சயூரனைக் கேட்டேன். “உங்கடை விருப்பம் அம்மா” என்றான். என் விருப்பம் எது என்று தேடினால் அந்த இடமும் வெறுமையாகக் கிடக்கிறது. தை பிறக்குமுன் பதில் சொல்கிறேன்.

செத்தவீட்டுச் சாப்பாட்டை யார் பார்த்தது என்றும் கேட்டிருந்தீர்கள். முதல் மூன்று நான்கு நாட்கள் எங்கள் ஆட்கள் கொண்டுவந்தார்கள். பிறகு கீழ்வீட்டுப் போலந்துக்காரி தனூத்தா ரொட்டி சுட்டுத் தந்தாள். பன்னிரண்டாம் நாள் நான் அடுப்பு மூட்டினேன்.

பிரசர் குளிசை ஒழுங்காகப் போடுகிறீர்களா?

என்றும் உங்கள்
யோகாம்பாள்


இணுவில்
06-11-2005

அன்புள்ள யோகத்துக்கு,

உமது கடிதம் கிடைத்தது. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. குளிசை போடுகிறேன்.

பன்னிரண்டாம் நாள் அடுப்பு மூட்டினேன் என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த வரியில் என் குளிசையைக் கேட்கிறீர். நான் முப்பத்தொரு வருடம் பிள்ளைகளின் கொப்பி திருத்தியவள். எந்த வரிக்குப் பின்னால் என்ன ஒளிந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதென்ன பன்னிரண்டு நாள்? எங்கள் ஆட்கள் அத்தனை பேர் அந்த ஊரில் இருக்க ஒரு போலந்துக்காரி ஏன் உமக்குச் சோறு போடவேண்டும்? அதுவும் ரொட்டி. என்ன ரொட்டி அது? முட்டை, கொழுப்பு ஏதும் சேர்ந்ததா? எதோடு தந்தாள்? ஒன்றும் விடாமல் எழுதும். என் தம்பியின் செத்தவீட்டில் என்ன பரிமாறப்பட்டது என்று எனக்குத் தெரியவேண்டும். அதைப் பார்க்கவேண்டியவள் நான். நான் இங்கே இருந்துவிட்டேன்.

அறைகளுக்கு வெள்ளை அடித்தாயிற்று. வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்று கந்தோர் போட அந்த இரண்டு அறைகளையும் வாடகைக்குக் கேட்டு இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டது. “தம்பியின்ரை பெண்சாதி வாறா” என்று சொல்லி அனுப்பினேன். பக்கத்து வீட்டுச் சிவநாயகி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, “எப்ப ரீச்சர் வாறா?” என்று தினமும் கேட்கிறாள். நான் என்ன சொல்ல? இந்த வீட்டில் இரவில் என் இருமல் சத்தம் மட்டும்தான் கேட்கிறது.

யோசித்து எழுதும். ஆனால் கெதியாக யோசியும்.

அன்புடன்
அருள்நாயகி


உ
சிவமயம்

ஹவுகன்ஸ்டுவா, ஒஸ்லோ
27-11-2005

அன்புள்ள பெரிய மச்சாளுக்கு,

நீங்கள் கேட்டபடி ஒன்றும் விடாமல் எழுதுகிறேன்.

அவர் ஞாயிறு காலை ஸ்டேசன் படியில் விழுந்தார், அதோடு முடிந்தது. ஆஸ்பத்திரியில் உடலைச் சோதித்துப் பார்க்க நாள் எடுத்தது. தகன மண்டபத்தில் முறை வர இன்னும் நாள் எடுத்தது. இங்கே எல்லாருக்கும் அப்படித்தான், ஒருவரையும் குறை சொல்ல ஏலாது. அவர் விழுந்த அன்று பின்னேரம் நீங்கள் போனில், “நெருப்பு வைக்குமட்டும் அடுப்பு மூட்டாதையும் யோகம், எங்கடை குடும்பத்திலை அது ஒருநாளும் தவறினதில்லை” என்றீர்கள். நான் ஓம் என்றேன். ஊரில் என்றால் மறுநாள் மத்தியானத்தோடு முடிகிற காரியம். இங்கே பதினோராம் நாள்தான் நெருப்பு வைத்தோம்.

எங்கள் ஆட்களில் ரவீந்திரனின் மனைவி இந்திராவும் மற்றவர்களும் முதல் நாட்களில் மாறி மாறிச் சாப்பாடு கொண்டுவந்தார்கள். பிறகு நான் சமைக்கத் தொடங்கியிருப்பேன் என்று நினைத்துவிட்டார்கள். எல்லாருக்கும் வேலை, பிள்ளைகள். “அக்கா, சாப்பாடு எல்லாம் ஓகேயோ?” என்று போனில் கேட்பார்கள். “ஓம் பிள்ளை” என்பேன். சயூரனுக்குப் புது வேலை, லீவு இல்லை, வந்த கையோடு பேர்கனுக்குப் போய்விட்டுத் தகனத்துக்குத் திரும்பி வந்தான். போகும்போது அவன், “அம்மா, இது நெருப்பே இல்லை, கறண்டிலை சூடாகிற கண்ணாடி. இது அடுப்புக் கணக்கிலை வராது” என்றான். “சுவிச்சைத் திருப்பினாலும் மூட்டினதுதான்” என்றேன். அவன் சிரித்தான். நானும் சிரித்திருக்க வேண்டும்.

தேநீருக்குக்கூட நான் தண்ணீர் கொதிக்க வைக்கவில்லை. அவர்களுடைய சாப்பாடு நின்றபின் ஓரிரு நாள் வாழைப்பழம், பால், பிஸ்கட் மட்டும் சாப்பிட்டேன். கஷ்டமாக இருந்ததா என்று கேட்டால், இருக்கவில்லை. வயிறு கூப்பிடும். வேறு யாரையோ கூப்பிடுகிற மாதிரி இருக்கும்.

தனூத்தா எங்கள் கட்டடத்துக்கு வந்து ஒரு வருடம்தான். ஹோட்டலில் அறை துப்புரவு செய்கிறாள், புருஷன் கட்டட வேலை. அதுவரை எங்களுக்குள் நல்ல பேச்சு இல்லை. நான் வெங்காயம் தாளித்தால் யன்னலை அடித்துச் சாத்துகிறவள். ஒரு நாள் கதவைத் தட்டினாள். அவளுடைய நொர்ஸ்க் பாஷையும் என்னுடைய நொர்ஸ்க் பாஷையும் ஒன்றுக்கொன்று குறைச்சல் இல்லாத நொண்டி. அவள் சொன்னதை எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

“நாலைஞ்சு நாளா உன்ரை வீட்டிலையிருந்து ஒரு மணமும் வரேல்லை. உனக்குச் சுகமில்லையோ?”

“அவர் செத்திட்டார்.”

அவள் என் தோளுக்கு மேலால் குசினியைப் பார்த்தாள். “அதுக்கு ஏன் நீ சமைக்கேல்லை?”

“அவர் இன்னும் எரியேல்லை.”

அவள் கீழே போய் ஒரு துணிப் பொட்டலத்தோடு வந்தாள். “முட்டை இருக்கோ?” என்று கேட்டேன். “ஓம், ஒண்டு” என்றாள். வேண்டாம் என்று தலையாட்டினேன். முகத்தை நீட்டாமல் அப்படியே திருப்பிக் கொண்டுபோய், முட்டை இல்லாமல் வேறாகச் சுட்டுக் கொண்டுவந்தாள். தகனம் முடியும்வரை ஒரு நாளும் தவறவில்லை. இதுதான் நடந்தது.

இனி ரொட்டி. அதற்குப் புரோசியாக்கி என்று பெயர். போலந்தில் தென்கிழக்கு மூலையில் மலையடி ஊர்களில் சுடுவது. அவர்கள் ஊர்ப்பேச்சில் அப்பச்சோடாவுக்குப் புரோசா என்று பெயராம். அரைக் கிலோ கோதுமை மாவுக்கு ஒரு மட்டத் தேக்கரண்டி சோடா, முக்கால் தேக்கரண்டி உப்பு, கிள்ளளவு சீனி, புளித்த பால் ஒன்றரைக் கோப்பை. இங்கே கெஃபிர் என்று கடையில் இருக்கிறது, தயிரைவிட மெல்லியது, மோரைவிடத் தடிப்பு. அடித்துப் பிசையக்கூடாது. கையில் ஒட்டாத அளவுக்குச் சேர்த்தால் போதும். விரல் தடிப்பில் தட்டி, தம்ளர் வாயால் வட்டம் வெட்டி, எண்ணெய் தடவாத கல்லில் மெல்லிய சூட்டில் இரண்டு பக்கமும் போடவேண்டும். நடுவில் பொங்கி வரும், மேலே கபிலப் புள்ளி விழும். அவளுடைய ஊரில் விறகு அடுப்பின் இரும்புத் தட்டிலேயே நேராகப் போடுவார்களாம்.

பரிமாறுவதில்தான் அவளுக்குக் கண்டிப்பு. துணியில் சுற்றித்தான் மேசைக்கு வரவேண்டும், இல்லாவிட்டால் தோல் காய்ந்துவிடும். கத்தி படக்கூடாது. சூடு போகுமுன் கையால் இரண்டாகப் பிரித்து, உள்ளே வெண்ணெயை உப்போடும் நசித்த உள்ளிப் பல்லோடும் வைப்பாள். உள்ளி வேண்டாம் என்றேன், வெறும் வெண்ணெய் வைத்தாள். உதிர்த்த வெள்ளைச் சீஸும் புளித்த கிரீமும் வைக்கலாம், பிள்ளைகளுக்கு ஜாம். பக்கத்தில் ஒரு தம்ளர் குளிர்ந்த கெஃபிர். முதல் ரொட்டியில் ஒரு பாதியை எனக்குத் தந்து மற்றப் பாதியைத் தான் சாப்பிட்டாள். நான் முடிக்கும்வரை எழும்பவில்லை. ருசி எப்படி என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. சூடு தெரிந்தது.

கொழுப்பு சேர்க்கவில்லை. வெண்ணெய் மட்டும்தான்.

என்றும் உங்கள்
யோகாம்பாள்


இணுவில்
22-12-2005

யோகத்துக்கு,

நான் சொன்னது ஒரு நாளுக்கு. ஒரே ஒரு நாளுக்கு. அங்கே பிணத்தைப் பதினொரு நாள் வைத்திருப்பார்கள் என்று அன்றைக்கு எனக்குச் சாத்திரமா தெரியும்? “மச்சாள், நாள் தள்ளிப் போகுது, இன்னும் அடுப்பு மூட்டேல்லை, என்ன செய்ய?” என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், “மூட்டடி பேய்ப்பெண்ணே” என்று சொல்லியிருப்பேன். ஒன்றைவிட்ட ஒருநாள் போன் எடுத்தேன். ஒவ்வொரு முறையும் சாப்பிட்டீரோ என்று கேட்டேன். சாப்பிட்டேன் என்றீர். பிஸ்கட்டையா சொன்னீர்?

யாரோ ஒருத்திக்குக் கதவு திறந்து உள்ளதைச் சொல்ல உமக்கு வாய் வந்தது. என்னிடம் வரவில்லை. இப்போது ரொட்டிக்கு மா அளவு முதல் தம்ளர் வாய் வரை எழுதி, நடுவில் என்னைப் பட்டினி போட்டவளாக இருத்தி வைத்திருக்கிறீர். நீர் அப்படி நினைத்து எழுதவில்லை என்று தெரியும். அதுதான் இன்னும் குத்துகிறது.

இங்கே மறுபடியும் வெடிச்சத்தம் தொடங்கிவிட்டது. பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு வீதியில் ஆள் இல்லை. தை பிறக்கப் போகிறது. தொண்டு நிறுவனத்தார் கடைசியாகக் கேட்டிருக்கிறார்கள். வருகிறீரா இல்லையா? அதை மட்டும் எழுதும். ரொட்டி வேண்டாம்.

அருள்நாயகி


உ
சிவமயம்

ஹவுகன்ஸ்டுவா, ஒஸ்லோ
20-01-2006

அன்புள்ள பெரிய மச்சாளுக்கு,

நிரந்தரமாக நான் வரவில்லை. அறைகளை அவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள்.

இந்த இரண்டு வரியை எழுதி ஒரு கிழமை ஆகிறது. கோயிலில் திருநீறு வாங்கிக்கொண்டு வந்து இன்றுதான் மிச்சத்தை எழுதுகிறேன்.

உங்களில் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. நீங்கள் சொன்னது சரி, நான் கேட்டிருக்க வேண்டும். ஏன் கேட்கவில்லை என்று தனூத்தாவும் கேட்டாள்.  இப்போது தெரிகிறது. கல்யாணம் கட்டி வந்த நாளிலிருந்து நீங்கள் சொன்னதைச் செய்துதான் எனக்குப் பழக்கம். நீங்கள் ஒன்றும் கெட்டதாகச் சொன்னதில்லை. ஆனால் நீங்கள் சொன்னால் செய்வேன், நிறுத்து என்று நீங்களே சொல்லுமட்டும் செய்துகொண்டிருப்பேன். பதினொரு நாள் செய்தேன். அது எனக்குக் கஷ்டமாகக்கூடத் தெரியவில்லை. இப்போது நான் இருக்கிற நிலையில் அங்கே வந்தால் மிச்சக் காலம் முழுக்க அப்படித்தான் இருப்பேன். நீங்கள் இருமுவது கேட்டால் எழும்பிச் சுடுதண்ணி வைப்பேன். அது உங்களுக்கு உதவியாக இருக்கும். நான் இருக்கிறேனா இல்லையா என்று இரண்டு பேருக்குமே தெரியாது.

இங்கே ஒருத்தி ஏன் என்று கேட்கிறாள். சனிக்கிழமைகளில் மேலே வந்து, “இண்டைக்கு என்ன சமைக்க உனக்கு விருப்பம்?” என்கிறாள். கேள்வியே எரிச்சலாக இருக்கிறது. போன சனி, கத்தரிக்காய் என்றேன். எங்கேயிருந்து அந்தச் சொல் வந்தது என்று தெரியவில்லை. உதடு விறைப்புக் குறையும்போது முதலில் குத்துமே, அப்படி இருந்தது. பிறகு மறுபடியும் ஒன்றும் இல்லை.

வருடம் முடிகிற ஆட்டத் திவசத்துக்குக் கட்டாயம் வருவேன். ஆவணி வளர்பிறைப் பிரதமை. சயூரனும் லீவு கேட்டிருக்கிறான். நாங்கள் இரண்டு பேரும் ஒரு மாதம் நிற்போம். படுக்க முன் விறாந்தை போதும்.

கோபம் என்றால் கோபியுங்கள். கடிதம் எழுதாமல் மட்டும் விடவேண்டாம்.

என்றும் உங்கள்
யோகாம்பாள்


இணுவில்
15-03-2006

அன்புள்ள யோகத்துக்கு,

எழுதாமல் விடத்தான் நினைத்தேன். மாசி முழுக்க எழுதவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்ற நீர் எனக்கு இப்படி ஒரு கடிதம் எழுதுவீர் என்று நான் எதிர்பார்க்கவில்லை. திருத்த இடமில்லை.

அறைகளில் கந்தோர் வந்துவிட்டது. காலையில் நாலு பேர் வந்து கம்பியூட்டரைத் தட்டுகிறார்கள், ஐந்து மணிக்கு ஓடிவிடுகிறார்கள். முன் அறையை உமக்கும் சயூரனுக்கும் ஒதுக்கியிருக்கிறேன். விறாந்தையில் நுளம்புக் கடி.

உமது ரொட்டியைச் சுட்டுப் பார்த்தேன். தயிரைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கரைத்தேன். முதலாவது கரி, இரண்டாவது உள்ளே பச்சை மா. மூன்றாவது பொங்கியது. வெண்ணெய்க்கு எங்கே போவது, செத்தல் மிளகாய்ச் சம்பலோடு பிரித்து வைத்தேன். சிவநாயகிக்கு வேலிக்கு மேலால் ஒன்று நீட்டினேன். கடித்துவிட்டு, “இது ரொட்டியும் இல்லை, பாணும் இல்லை, ரீச்சர். ஒரு முடிவுக்கு வந்திட்டுச் சுடுங்கோ” என்றாள். ஆனால் இன்னொன்று கேட்டு வாங்கினாள். முதல் ரொட்டியில் பாதியைச் சுட்டவளே சாப்பிட்டாள் என்று எழுதியிருந்தீர். நானும் முதலில் பொங்கியதில் பாதி சாப்பிட்டேன். மற்றப் பாதியை எடுக்க அப்போது யாரும் இல்லை, அதையும் நானே சாப்பிட்டேன்.

நான் இனி உமக்கு இதைச் செய்யும், அதைச் செய்யும் என்று சொல்வதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். எத்தனை நாளைக்கு என்று பார்ப்போம். ஆவணியில் திவசத்துக்கு என்ன சமைப்பது என்று உம்மிடம் கேட்கிறேன். என் தம்பிக்குக் கடைசிக் காலத்தில் என்ன பிடித்தது என்று எனக்குத் தெரியாது. அது உமக்குத்தான் தெரியும்.

வரும்போது கனமாக ஒன்றும் தூக்கவேண்டாம். இதைச் சொல்லலாம்தானே?

அன்புடன்
அருள்நாயகி


உ
சிவமயம்

ஹவுகன்ஸ்டுவா, ஒஸ்லோ
27-08-2006

அன்புள்ள பெரிய மச்சாளுக்கு,

இது உங்களுக்குக் கிடைக்குமா என்று தெரியவில்லை. தபால் கந்தோரில் நின்ற பிள்ளை, முத்திரை ஒட்டினால் கொழும்புவரை போகும், அதற்கு அப்பால் தன்னால் சொல்ல முடியாது என்றாள். சரி, அதுவரையாவது போகட்டும் என்றேன்.

பதினோராம் திகதி முகமாலையில் சண்டை மூண்டு ஊருக்குப் போகிற பாதையைப் பூட்டினார்கள் என்று வானொலியில் சொன்னபோது எங்கள் பெட்டிகள் கட்டி முடிந்திருந்தன. யாழ்ப்பாணத்துக்கு விமானமும் இல்லை என்றார்கள். சயூரன் ரிக்கற்றைத் திருப்பிக் கொடுத்தான். அன்று தொடக்கம் உங்கள் போனுக்கு எடுக்கிறேன். மணி அடிக்கிற சத்தமே இல்லை. ஊரடங்கு என்கிறார்கள், கடையில் மா இல்லை, அரிசி இல்லை, மண்ணெண்ணெய்க்கு வரிசை என்கிறார்கள். இந்திராவின் ஆட்கள் கோண்டாவிலில் இருக்கிறார்கள், அவளுக்கும் ஒரு தகவலும் இல்லை. உங்கள் பிரசர் குளிசை எத்தனை நாளைக்குக் கிடக்கிறது என்று எனக்குத் தெரியாது. மாதத்துக்கு மாதம் வாங்குகிறவர் நீங்கள்.

வியாழக்கிழமை திவசம். இங்கே கோயில் ஐயரைக் கொண்டு செய்தோம். என்ன சமைப்பது என்று கேட்டிருந்தீர்கள். அவருக்குக் கடைசிக் காலத்தில் பிடித்தது முருங்கையிலை வறையும் பாலைவிடப் புளி கூடின சொதியும். அதையே வைத்தேன். நீங்கள் அங்கே ஏதும் வைத்தீர்களோ, வைக்க இருந்ததோ, ஐயரால் வரமுடிந்ததோ தெரியாது. நான் மாட்டேன் என்று தையில் எழுதியிராவிட்டால் இப்போது உங்கள் பக்கத்தில் இருந்திருப்பேன். இதை நினைத்துப் பார்க்கிறேன். நினைக்க முடிகிறது. அதற்குமேல் ஒன்றும் வருவதில்லை.

வெள்ளிக்கிழமை குசினிக்குள் போனேன். அடுப்புக்கு முன்னால் நின்றேன். கை போகவில்லை. திரும்பி வந்து கதிரையில் இருந்தேன். சனிக்கிழமையும் அப்படியே. நான் முறை ஒன்றும் நினைத்துச் செய்யவில்லை, மச்சாள். உடம்பு தானாக அப்படிச் செய்தது.

சனிக்கிழமை பின்னேரம் தனூத்தா மேலே வந்தாள். வழமையாக வந்ததும் கதிரையை இழுத்து இருப்பவள் வாசலிலேயே நின்றாள். மணம் ஒன்றும் இல்லாத குசினிப் பக்கம் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

“ஆர்?” என்றாள்.

எனக்கு விளங்கவில்லை.

“ஆர் செத்தது? உன்ரை மச்சாளோ?”

“இல்லை” என்றேன். “ஒருத்தரும் இல்லை. ஒருத்தரும் சாகேல்லை.”

என் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. எழும்பிப் போய் சுவிச்சைத் திருப்பினேன். கண்ணாடிக்குக் கீழே சிவப்பு வந்தது. பானையில் தண்ணீர் வைத்தேன். அவள் வாசலிலேயே நின்றாள், தண்ணீர் கொதிக்குமட்டும்.

இன்றும் மூட்டினேன். நாளைக்கும் மூட்டுவேன்.

உங்கள்
யோகாம்பாள்